எண்ணெய், எரிவாயு ஆய்வுத் திட்டத்தின் கோப்பைப் படிப்பது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நீலகிரியில் எண்ணெய்க் கிணறு கிடையாது. இனி வருவதற்கும் வாய்ப்பில்லை. தொட்டபெட்டாவும் அதைச் சுற்றியுள்ள மலைகளும் சார்னோகைட் என்னும் மிகப் பழைய, இறுகிய பாறையால் ஆனவை. பழனி மலையின் அடியும் பெரும்பாலும் அதே பாறைதான். எண்ணெயும் எரிவாயுவும் உருவாகித் தங்குவதற்கு ஆயிரக்கணக்கான மீட்டர் தடிமனுள்ள படிவுப் பாறை தேவை. தமிழ்நாட்டில் அது காவிரிப் படுகையிலும் அதையொட்டிய கடலடியிலும்தான் இருக்கிறது. ஆயினும் இந்த விதிகளைக் கற்க வேண்டிய தேவை மலையில் இருப்பவர்களுக்கும் ஏற்படுகிறது. ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் பக்கத்துப் பிள்ளைகள் தஞ்சாவூரிலும் காரைக்காலிலும் படிக்கிறார்கள், வேலை பார்க்கிறார்கள். சட்டமும் இதழியலும் சுற்றுச்சூழலும் படிக்கத் தொடங்கிய மாணவர்கள் டெல்டாவிலிருந்து வரும் செய்திகளைப் புரிந்துகொள்ள முயல்கிறார்கள். கீழே நிலம் வைத்திருக்கும் குடும்பங்களும் இங்கே உண்டு. இந்த வழிகாட்டி அவர்களுக்காக எழுதப்பட்டது.

தொடங்குவதற்கு முன் ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒரு திட்டத்தைப் பற்றிச் செய்தி வந்தவுடன் அது நல்லதா கெட்டதா என்று வாதிடுவதற்கு முன்பாக, அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது, அந்தக் கட்டத்தில் யாருடைய கையெழுத்து தேவைப்படுகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை தேட வேண்டும். மலையில் வீடு கட்டியவர்களுக்கு இது எளிதாகப் புரியும். பட்டா இருப்பதாலேயே அஸ்திவாரம் தோண்டிவிட முடியாது. மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் விதிகள், பல துறைகளின் தடையின்மைச் சான்று, ஜேசிபி வைத்து மண் அள்ளுவதற்குத் தனி அனுமதி என்று ஒன்றன் பின் ஒன்றாக வாங்க வேண்டியிருக்கிறது. எண்ணெய் ஆய்வும் அப்படித்தான்: ஒரு கையெழுத்து இன்னொன்றின் இடத்தை நிரப்பாது. செய்திகளில் காணும் குழப்பங்களில் பெரும்பகுதி, ஓர் அனுமதியை இன்னொன்றாக எடுத்துக்கொள்வதால் வருவதே.

முதல் படி: எந்தச் சட்டம் என்று பிரித்தறிதல்

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில், ஒன்றியப் பட்டியலின் 53ஆவது பதிவு எண்ணெய் வயல்களையும் கனிம எண்ணெய் வளங்களையும் ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்குத் தருகிறது. அதன் வழியில் இன்றும் நடைமுறையில் இருப்பது 1948ஆம் ஆண்டின் எண்ணெய் வயல்கள் (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாடு) சட்டம். அச்சட்டத்தின் கீழ் 1959இல் பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு விதிகள் வந்தன. பழைய கோப்புகளில் அடிக்கடி காணும் இரண்டு ஆவணங்கள், அதாவது பெட்ரோலிய ஆய்வு உரிமமும் பெட்ரோலியச் சுரங்கக் குத்தகையும், இந்த விதிகளிலிருந்து பிறந்தவை. அவ்விதிகளின்படி ஆய்வு உரிமம் முதலில் நான்கு ஆண்டுகளுக்குக் கிடைத்தது. பிறகு ஓராண்டு வீதம் இருமுறை நீட்டிக்க முடிந்தது. குத்தகை வழக்கமாக இருபது ஆண்டுகளாக இருந்தது.

2025இல் 1948ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தப்பட்டது. கனிம எண்ணெய் என்பதன் வரையறை விரிவாக்கப்பட்டு, நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் எனும் களிப்படிவப் பாறையில் உள்ள எரிவாயு போன்றவையும் வெளிப்படையாக உள்ளே வந்தன. நிலக்கரி, லிக்னைட், ஹீலியம் ஆகியவை வெளியே வைக்கப்பட்டன. சுரங்கக் குத்தகை என்ற ஏற்பாட்டின் இடத்தில் பெட்ரோலியக் குத்தகை வந்தது; பழைய குத்தகைகள் செல்லுபடியாகும். விதிமீறலுக்கு முன்பு ஆறு மாதச் சிறை அல்லது ஆயிரம் ரூபாய் அபராதம் என்று இருந்தது மாறி, இப்போது சிறைத் தண்டனை நீக்கப்பட்டு 25 லட்சம் ரூபாய் வரை தண்டத் தொகையும், மீறல் தொடர்ந்தால் நாளொன்றுக்குப் பத்து லட்சம் வரை கூடுதலும் விதிக்கப்படுகின்றன. ஆயிரம் ரூபாய் அபராதம் எந்த நிறுவனத்தையும் எதையும் செய்யவிடாமல் தடுத்திருக்காது என்பதில் ஐயமில்லை. ஆயினும் சிறைக்கு அஞ்சும் அதிகாரிக்கும் தண்டத்தைச் செலவுக் கணக்கில் எழுதும் நிறுவனத்துக்கும் வேறுபாடு உண்டு என்பதையும் மறக்க வேண்டியதில்லை. எப்படியானாலும், ஒரு கோப்பைக் கையில் எடுத்தால் அது 2025க்கு முந்தையதா பிந்தையதா என்று முதலில் பாருங்கள். மேற்கோள் காட்டும் விதி அதற்கேற்ப மாறும்.

இங்கே மூன்று விஷயங்கள் அடிக்கடி கலந்துவிடுகின்றன. ஊட்டியில் உள்ள பெட்ரோல் பங்கும் குன்னூரில் உள்ள எரிபொருள் கிடங்கும் 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டத்தின் கீழ் வருபவை. அவற்றுக்கான உரிமம் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பினுடையது. கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்து விவசாயிகள் எதிர்த்த, பொதுத்துறை எரிவாயு நிறுவனமான கெயிலின் குழாய்த் திட்டம் 1962ஆம் ஆண்டின் குழாய்ப்பாதைச் சட்டத்தைச் சேர்ந்தது. அதில் நிலம் கையகப்படுத்தப்படுவதில்லை, நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை மட்டும் எடுத்துக்கொள்ளப்படுகிறது. 2006இல் சட்டம் இயற்றி அமைக்கப்பட்ட பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம், பெயரைக் கேட்டால் எல்லாவற்றுக்கும் தலைமை போலத் தோன்றினாலும், குழாய்ப்பாதை, நகர எரிவாயு விநியோகம் போன்றவற்றையே கவனிக்கிறது; கிணறு தோண்டுவது அதன் வேலையன்று. ஆய்வு தொடர்பான தொழில்நுட்பப் பொறுப்பு, 1993இல் ஒன்றியப் பெட்ரோலிய அமைச்சகத்தின் கீழ் நிறுவப்பட்ட ஹைட்ரோகார்பன் தலைமை இயக்ககத்தைச் சேர்ந்தது. மனுவைத் தவறான அலுவலகத்துக்கு அனுப்பினால் மாதங்கள் வீணாகும்.

இரண்டாம் படி: நிலமா கடலா, ஒப்பந்தமா உரிமமா

ஆய்வுக்காக எல்லை வகுத்துக் கொடுக்கப்படும் பரப்பே தொகுதி. கடலுக்குள் இருக்கும் தொகுதி என்றால், அரசியலமைப்பின் 297ஆவது பிரிவின்படி வளம் ஒன்றிய அரசினுடையது. உரிமமும் அங்கிருந்தே வரும். நிலப்பகுதியாக இருந்தால் நிலைமை வேறு. ஒன்றிய அரசின் முன் ஒப்புதலுடன் உரிமத்தையும் குத்தகையையும் வழங்குவது மாநில அரசு. உற்பத்தி தொடங்கினால் ராயல்டி, அதாவது எடுக்கும் வளத்துக்கான உரிமைத்தொகை, பெறுவதும் மாநில அரசே. ஆகவே நிலப்பகுதித் திட்டங்களில் மாநிலம் வெறும் பார்வையாளர் என்று யாராவது சொன்னால் அதை நம்ப வேண்டியதில்லை. எல்லாமே மாநிலத்தின் கையில் இருக்கிறது என்று சொன்னாலும் நம்ப வேண்டியதில்லை.

ஒப்பந்தம் என்பது இதற்கு முந்தைய படி. தொடக்கத்தில் ஓ.என்.ஜி.சி., ஆயில் இந்தியா போன்ற பொதுத்துறை நிறுவனங்களுக்கு அரசே நேரடியாகப் பகுதிகளை ஒதுக்கியது. 1999 முதல் புதிய ஆய்வு உரிமக் கொள்கையின் கீழ் தொகுதிகள் ஏலத்துக்கு வந்தன. கிடைக்கும் உற்பத்தியில் நிறுவனம் முதலில் தன் செலவைக் கழித்துக்கொண்டு மீதியை அரசுடன் பகிரும். செலவை ஊதிக் காட்டுகிறார்கள் என்ற சர்ச்சைகள் இந்த ஏற்பாட்டிலிருந்தே வந்தன. 2016 மார்ச்சில் வந்த கொள்கை இதை மாற்றி, செலவு எவ்வளவாக இருந்தாலும் வருவாயில் இன்ன பங்கு என்று நிர்ணயித்தது. அதோடு, எண்ணெய், எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் ஆகிய அனைத்துக்கும் ஒரே உரிமம் போதும் என்றும் ஆக்கியது. முன்பு மீத்தேனுக்கென்று தனி ஒப்பந்தம் இருந்தது. மன்னார்குடி தொகுதி அப்படி 2010இல் கொடுக்கப்பட்டு, கடும் எதிர்ப்புக்குப் பின் கைவிடப்பட்டது. 2016க்குப் பிந்தைய ஒரு தொகுதியைப் பற்றி, இது மீத்தேன் திட்டமா இல்லையா என்று கேட்பதில் பயனில்லை; ஒப்பந்தம் அனைத்துக்கும் இடம் தருகிறது. எந்த ஆழத்தில், எந்தப் பாறையடுக்கில், எந்த முறையில் எடுக்கப் போகிறார்கள் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

இப்போதைய திறந்தவெளி ஏல முறையில் நிறுவனங்களே தேசியத் தரவுக் களஞ்சியத்தில் உள்ள தகவல்களைப் பார்த்து, தமக்கு வேண்டிய பகுதியை வரைந்து விருப்பம் தெரிவிக்கலாம். பிறகு அப்பகுதி ஏலத்துக்கு வரும். 2018 அக்டோபரில் முதல் சுற்றின் 55 தொகுதிகளுக்கு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. அவற்றில் 41 வேதாந்தாவுக்குப் போயின. காவிரிப் படுகையைச் சேர்ந்த தொகுதிகளும் அந்தச் சுற்றில் இருந்தன. அடுத்த நாள் நாளிதழ்களைப் படித்தவர்கள், துளையிடும் ரிக் வண்டிகள் புறப்பட்டுவிட்டன என்றே நினைத்திருப்பார்கள். உண்மையில் ஒப்பந்தம் கையெழுத்தான நாளில் நிறுவனத்துக்குக் கிடைப்பது, அந்தப் பரப்பில் வேறு யாரும் போட்டிக்கு வரமாட்டார்கள் என்ற உறுதிதான். நிலத்தில் ஒரு கடப்பாரையை இறக்குவதற்கும் அதன் பிறகு வேறு அனுமதிகள் வேண்டும்.

மூன்றாம் படி: தொகுதியை வரைபடத்தில் வைத்தல்

பலர் இதைச் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். எனக்கோ இதுதான் எல்லாவற்றிலும் பயனுள்ள வேலையாகத் தோன்றுகிறது. ஒவ்வொரு தொகுதிக்கும் மூலைப் புள்ளிகளின் அட்சரேகை, தீர்க்கரேகைகள் அட்டவணையாக இருக்கும். கிணறு ஒவ்வொன்றுக்கும் தனிப் புள்ளி உண்டு. அவற்றைக் கைப்பேசி வரைபடத்தில் இட்டுப் பார்த்தால், எந்த ஊராட்சி, எவ்வளவு தூரத்தில் ஏரி, பள்ளிக்கூடம், கடற்கரை என்பது அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும்.

ஒரு பொறி மட்டும் உண்டு. கோப்புகளில் புள்ளிகள் பாகை, கலை, விகலை என்ற கணக்கில் தரப்பட்டிருக்கும். கைப்பேசி பெரும்பாலும் தசம எண்ணை எதிர்பார்க்கும். 10 பாகை 45 கலை 30 விகலை என்பதை 10.4530 என்று அப்படியே தட்டக் கூடாது. 45ஐ 60ஆல் வகுத்தால் 0.75, 30ஐ 3600ஆல் வகுத்தால் 0.0083, கூட்டினால் 10.7583 என்று வரும். ஒரு பாகை அட்சரேகை ஏறக்குறைய 111 கிலோமீட்டர் என்பதால், இந்த இரண்டு எண்களுக்கும் இடையே சுமார் 34 கிலோமீட்டர் வேறுபாடு இருக்கிறது. திருவாரூரை ஒட்டி விழ வேண்டிய புள்ளி திருத்துறைப்பூண்டிக்கும் தெற்கே போய் விழுந்துவிடும். இந்த ஒரு தவறோடு கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எழுந்து பேசினால், பேசியவரின் மற்ற நியாயமான கேள்விகளும் எடுபடாமல் போகும்.

தொகுதியின் பரப்பு பல நூறு சதுர கிலோமீட்டராக இருக்கலாம். ஒரு கிணற்றுக்கான இடமோ சில ஏக்கர்தான். முன்னதை மட்டும் சொன்னால் மாவட்டமே பறிபோவது போலத் தோன்றும். பின்னதை மட்டும் சொன்னால் ஒன்றுமே இல்லை போலத் தோன்றும். இரண்டு எண்களையும் சேர்த்தே எழுதுங்கள்.

நான்காம் படி: கட்டத்தை அறிதல்

ஆய்வின் தொடக்கம் நில அதிர்வு அளவாய்வு. வயலில் வரிசையாகச் சிறு கொடிகள் நடப்பட்டு, கையடக்கமான ஜியோபோன் கருவிகள் கம்பியால் இணைக்கப்பட்டு மண்ணில் குத்தப்பட்டிருக்கும். குறுகிய துளைகளில் சிறு அளவு வெடிமருந்து வைத்து வெடிக்கச் செய்வார்கள், அல்லது தரையை அதிரவைக்கும் கனரக வண்டியைப் பயன்படுத்துவார்கள். அதிர்வு கீழே உள்ள பாறையடுக்குகளில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து அடுக்குகளின் வடிவம் கணிக்கப்படுகிறது. கிணறு தோண்டாத இத்தகைய அளவாய்வுக்குத் தனியாகச் சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை. ஆனால் வெடிபொருளுக்கு உரிமம் வேண்டும். பயிருக்குச் சேதம் ஏற்பட்டால் இழப்பீடும் தர வேண்டும். வயலில் கொடியைப் பார்த்தவுடன் கிணறு வந்துவிட்டது என்று பதறத் தேவையில்லை. எவருடைய உத்தரவின் பேரில், எந்தத் தேதி வரை என்று கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்வது போதும்.

அடுத்தது ஆய்வுக் கிணறு. ரிக் நிறுவி, இரண்டாயிரம் மூவாயிரம் மீட்டருக்கும் மேலாகத் துளையிட்டு, உறைக்குழாய்களை இறக்கிச் சுற்றிலும் சிமெண்ட் செலுத்துவார்கள். நிலத்தடி நீர் இருக்கும் மேலடுக்கைப் பாதுகாப்பது அந்த உறைக்குழாயும் சிமெண்டும்தான் என்பதால், கோப்பில் எந்த ஆழம் வரை எத்தனை அடுக்குக் குழாய் என்ற பகுதியை நிறுத்திப் படியுங்கள். துளையிடும்போது சுழலும் சேறும், அதோடு மேலே வரும் பாறைத் துகளும் நெகிழித் தாள் விரித்த குழியில் சேர்க்கப்பட வேண்டும். அந்தக் குழி மழைக்காலத்தில் நிரம்பி வழியாமல் இருக்க என்ன ஏற்பாடு என்பது டெல்டாவில் கேட்டே ஆக வேண்டிய கேள்வி. வடகிழக்குப் பருவமழை எப்படிப் பெய்யும் என்பது மலையில் இருப்பவர்களுக்கும் தெரியும்.

எண்ணெய் கிடைத்தால் மதிப்பீட்டுக் கிணறுகள், வயல் மேம்பாட்டுத் திட்டம், அதன் பிறகு குத்தகை, உற்பத்தி என்று தொடரும். கிடைக்காவிட்டால் கிணற்றை மூட வேண்டும். அதைப் பிறகு பார்ப்போம்.

ஐந்தாம் படி: சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதத்தைப் படித்தல்

2006 செப்டம்பர் 14ஆம் நாளிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை எண்ணெய், எரிவாயு ஆய்வையும் உற்பத்தியையும் ஒன்றாக அ பிரிவில் வைத்திருந்தது. அதாவது டெல்லியில் பரிசீலனை, முழுமையான தாக்க மதிப்பீடு, பொதுமக்கள் கருத்துக்கேட்பு ஆகிய மூன்றும் கட்டாயமாக இருந்தன. 2020 ஜனவரி 16ஆம் நாள் செய்யப்பட்ட திருத்தம் ஆய்வை மட்டும் பிரித்து ஆ-2 பிரிவுக்கு மாற்றியது. இப்பிரிவுக்குத் தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் வேண்டாம், கருத்துக்கேட்பும் வேண்டாம். மாநில அளவிலான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையமே முடிவெடுக்கும். மேம்பாடும் உற்பத்தியும் இன்னும் அ பிரிவில்தான் இருக்கின்றன.

இந்த மாற்றத்தின் விளைவைத் தமிழ்நாடு 2025இல் கண்டது. ராமநாதபுரம் மாவட்டத்தில் 20 ஆய்வுக் கிணறுகள் தோண்ட ஓ.என்.ஜி.சி.க்கு மாநில ஆணையம் அனுமதி வழங்கியது. செய்தி பரவிய பிறகே பலருக்கும் தெரியவந்தது. அதன் பின் மாநில அரசு இத்திட்டத்தை அனுமதிக்கப்போவதில்லை என்று அறிவித்தது. கருத்துக்கேட்பு ஏன் நடக்கவில்லை என்று பலர் கேட்டார்கள். விதி அதைக் கோரவில்லை என்பதே விடை. என் கருத்தில் இந்தத் திருத்தம் தவறானது: ரிக்கும் சேற்றுக் குழியும் வெடித்தெழும் ஆபத்தும் ஆய்வுக் கிணற்றுக்கும் உண்டு; கீழே என்ன அழுத்தம் இருக்கிறது என்று முன்பே தெரியாத இடத்தில் ஆபத்து கூடுதலே தவிரக் குறைவன்று. ஆனால் விதி மாறும்வரை, ஆய்வுக் கட்டத்தில் கருத்துக்கேட்பைச் சட்டப்படியான உரிமையாகக் கேட்க இயலாது. விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போதே மாநில ஆணையத்துக்கு எழுத்தில் ஆட்சேபம் அனுப்புவதுதான் வழி. அதனால் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தை மாதம் ஒருமுறையாவது பார்க்கும் பழக்கம் வேண்டும். மாநிலத்தையும் துறையையும் தேர்ந்தெடுத்தால் விண்ணப்பம், முன்சாத்தியக்கூறு அறிக்கை, மதிப்பீட்டுக் குழுவின் கூட்டக் குறிப்புகள், அனுமதிக் கடிதம் ஆகியவை வரிசையாகக் கிடைக்கும்.

கடிதம் கிடைத்தால் முதல் பக்கத்தின் பாராட்டுரை போன்ற பத்திகளைத் தாண்டி, சிறப்பு நிபந்தனைகள் என்ற பகுதிக்குச் செல்லுங்கள். பொது நிபந்தனைகள் எல்லாக் கடிதங்களிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். சிறப்பு நிபந்தனைகளில்தான் அந்த இடத்தைப் பற்றிய விஷயம் இருக்கும். எத்தனை கிணறுகள், எந்த ஆழம், தண்ணீர் எங்கிருந்து, கழிவு எங்கே, நீர்நிலையிலிருந்து எவ்வளவு தூரம் என்று ஒரு தாளில் எழுதி, வரைபடத்தில் நீங்கள் வைத்த புள்ளிகளோடு ஒப்பிடுங்கள். கிணற்றின் நோக்கம் ஆய்வு என்றிருக்கிறதா, மேம்பாடு என்றிருக்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆய்வுக்காகப் பெற்ற அனுமதியை வைத்து உற்பத்தி செய்ய முடியாது. நிபந்தனைகள் எப்படி நிறைவேற்றப்படுகின்றன என்ற அறிக்கையை நிறுவனம் ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய நாள்களில் தர வேண்டும். அதைக் கேட்டு வாங்குபவர்கள் மிகக் குறைவு.

உற்பத்தித் திட்டமாக இருந்து கருத்துக்கேட்பு நடக்குமானால், அதை நடத்துவது தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். தலைமை தாங்குவது மாவட்ட ஆட்சியர் அல்லது கூடுதல் மாவட்ட நடுவர் நிலைக்குக் குறையாத ஓர் அதிகாரி. குறைந்தது 30 நாள்களுக்கு முன்பு நாளிதழ்களில் அறிவிப்பு வர வேண்டும். அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். கூட்டம் காணொளியாகப் பதிவாக வேண்டும். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற வரையறை கிடையாது. பத்துப் பேர் வந்தாலும் அது நடந்த கூட்டமே. ஆகவே கூட்டத்தைப் புறக்கணித்தால் அது நின்றுவிடும் என்று எண்ணுவது பிழை. பேசியவற்றின் சுருக்கம் கூட்டத்தின் முடிவில் தமிழில் படித்துக் காட்டப்பட வேண்டும். அதுவரை இருந்து, நீங்கள் சொன்னது அதில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கிளம்புங்கள். குன்னூரில் இருப்பவர் அங்கே போக முடியாவிட்டால், தமக்கு உள்ள தொடர்பைக் குறிப்பிட்டு அஞ்சலில் கருத்தை அனுப்பலாம். அறிவிக்கை அதற்கும் இடம் வைத்திருக்கிறது.

ஆறாம் படி: காடும் வேளாண் மண்டலமும்

காட்டு நிலம் குறுக்கிட்டால் 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டம் வரும். 2023இல் அது திருத்தப்பட்டுப் பெயரும் மாறியது. காடு என்பது எது என்ற கேள்வியில் நாடு முழுவதையும் பாதித்த வழக்கு கூடலூர்க் காடுகளைப் பற்றி 1995இல் கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்தது. உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 12ஆம் நாள் அளித்த உத்தரவுக்குப் பின், யாருடைய பெயரில் இருந்தாலும் காடாக இருப்பதைக் காடாகவே கருத வேண்டும் என்ற நிலை வந்தது. அசாமில் எண்ணெய்க் கிணற்றுக்காக மரம் வெட்ட விண்ணப்பிக்கும் நிறுவனத்தின் கோப்பிலும் நம் கூடலூர் வழக்கின் நிழல் விழுகிறது. காட்டுரிமைச் சட்டம் 2006இன்படி கிராம சபையின் பங்கும் இதில் சேரும். ஒடிசாவின் நியம்கிரியில் பாக்சைட் சுரங்கம் 2013இல் நின்றுபோனது கிராம சபைகளின் மறுப்பால்தான். ஆனால் பழங்குடியினருக்காக அறிவிக்கப்படும் பட்டியல் பகுதிகளுக்கான கூடுதல் பாதுகாப்பு தமிழ்நாட்டில் இல்லை. இங்கே அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணையில் வரும் பகுதி எதுவும் அறிவிக்கப்படவில்லை. தோடர், இருளர், பணியர் வாழும் நீலகிரிக்கும் இது பொருந்தும்.

சமவெளி வயலில் கிராம சபை நிறைவேற்றும் தீர்மானம் திட்டத்தைச் சட்டப்படி ரத்து செய்துவிடாது. அதனால் பயனில்லை என்று சொல்ல மாட்டேன்; நீதிமன்றத்திலும் மாநில அரசின் மேசையிலும் அது ஆவணமாக நிற்கும்.

2020 பிப்ரவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டத்தைத் தனியாக வாசிக்க வேண்டும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் குறிப்பிட்ட ஒன்றியங்களும் அதன் எல்லைக்குள் வந்தன. எண்ணெய், நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் உள்ளிட்டவற்றின் ஆய்வும் துளையிடலும் எடுப்பும் அங்கே தடைசெய்யப்பட்டன. இரண்டு வரம்புகளை மறக்கக் கூடாது. சட்டம் வருவதற்கு முன்பே நடந்துகொண்டிருந்த பணிகளை அது தொடவில்லை. ஆகவே டெல்டாவில் ஒரு பழைய கிணறு இயங்குவதைக் கண்டு சட்டம் மீறப்பட்டது என்று எழுதிவிடக் கூடாது. ராமநாதபுரம் இந்த மண்டலத்துக்குள் இல்லை. முன்பு சொன்ன 20 கிணறுகளுக்கான விண்ணப்பம் அங்கே எழ முடிந்ததற்கு அது ஒரு காரணம். கிணற்றின் புள்ளியை மண்டல எல்லையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கும் மூன்றாம் படியில் செய்த வேலை உதவும்.

கடலோரம் என்றால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. சரணாலயம் அருகில் என்றால் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம். எதுவாக இருந்தாலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நிறுவும் இசைவும் இயக்கும் இசைவும்.

ஏழாம் படி: பாதுகாப்பு யார் பொறுப்பு

நிலப்பகுதிக் கிணறுகள் சட்டத்தின் பார்வையில் சுரங்கங்கள். ஆகவே 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டமும் 2017ஆம் ஆண்டின் எண்ணெய்ச் சுரங்க ஒழுங்குமுறைகளும் பொருந்தி வந்திருக்கின்றன. மேற்பார்வை சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககத்தைச் சேர்ந்தது. கடலில் உள்ளவற்றை எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககம் கவனிக்கிறது. கிணற்றிலிருந்து வாயு கட்டுமீறி வெளிவரும்போது அதை அடைப்பதற்கான வால்வுத் தொகுதி வேலை செய்கிறதா என்று எப்போது சோதித்தார்கள் என்பதே இங்கே முதன்மையான கேள்வி. 1995 ஜனவரியில் கோதாவரிப் படுகையின் பாசர்லபூடியில் பற்றிய தீ இரண்டு மாதங்களுக்கும் மேலாக எரிந்தது. 2020 மே 27ஆம் நாள் அசாமின் பாக்ஜானில் வாயு கட்டுமீறி வெளிவந்து, ஜூன் 9ஆம் நாள் தீப்பற்றி, நவம்பரில்தான் கிணறு கட்டுக்குள் வந்தது. திப்ரு சைகோவா தேசியப் பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது. அவசரகாலத் திட்டத்தில் எந்தக் கிராமம், எந்தச் சாலை, எந்த மருத்துவமனை என்று பெயரோடு எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெயரே இல்லாத திட்டம் வேறொரு இடத்துக் கோப்பிலிருந்து எடுத்து ஒட்டப்பட்டதாக இருக்கலாம்.

எட்டாம் படி: கேட்பதும் காலக்கெடுவும்

இணையத்தில் கிடைக்காததைத் தகவல் உரிமைச் சட்டம் 2005இன் கீழ் கேளுங்கள். கட்டணம் பத்து ரூபாய். 30 நாள்களில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாள்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். திட்டம் பற்றிய எல்லாத் தகவலையும் தரவும் என்று எழுதினால் பதில் மழுப்பலாகவே வரும். இன்ன எண்ணுள்ள அனுமதிக் கடிதத்தின் இன்ன நிபந்தனைப்படி, இன்ன ஆண்டு ஜூன் மாதம் நிறுவனம் அளித்த அறிக்கையின் நகல் என்று கேளுங்கள். ஆய்வு உரிமம் பற்றி மாநிலப் புவியியல் மற்றும் சுரங்கத் துறைக்கும், ஒப்பந்தம் பற்றி ஹைட்ரோகார்பன் தலைமை இயக்ககத்துக்கும், இசைவு பற்றி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் தனித்தனியாக எழுத வேண்டும்.

சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்துத் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள்கள். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள்கள். அதற்குப் பிறகு எவ்வளவு வலுவான காரணம் இருந்தாலும் மேல்முறையீட்டின் கதவு மூடப்படும். தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. கடிதத்தின் தேதியைப் பார்த்தவுடன் நாள்காட்டியில் குறியுங்கள். வழக்கறிஞரைத் தேடுவது அதன் பிறகு.

இறுதியாக, கைவிடப்பட்ட கிணறு

கிணறு வறண்டதாக இருந்தாலோ உற்பத்தி முடிந்துவிட்டாலோ, துளைக்குள் குறிப்பிட்ட ஆழங்களில் சிமெண்ட் அடைப்புகளை இறக்கி, மேலே மூடியிட்டு, இடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கான தொகையை நிறுவனம் முன்கூட்டியே ஒதுக்கி வைப்பதற்கு ஏற்பாடு உண்டு. ரிக் போன பிறகு யாரும் இதைக் கேட்பதில்லை. குத்தகைக்கு விட்ட நிலத்தைத் திரும்பப் பெறும் உரிமையாளர், சேற்றுக் குழியின் நெகிழித் தாள் உட்பட அனைத்தும் அகற்றப்பட்டதை நேரில் பார்த்து, அடைப்பின் ஆழத்தையும் தேதியையும் குறிப்பிடும் மூடல் ஆவணத்தின் நகலை வாங்கிப் பட்டாவோடு சேர்த்து வைத்த பிறகே ஒப்படைப்புத் தாளில் கையெழுத்திட வேண்டும்.